அரை அங்குலம்

என்.சி. வீதியில் ஹாட்வெயார் கடைக்கு மேலே
நௌபர் அண்ணனின் ஜிம்.
விடிய ஐந்து மணிக்குச் சட்டரைத் தூக்குவது என் வேலை.
நான் தூக்குகிற பாரங்களில்
அதுதான் ஆகக் கூடியது என்று
பெடியள் சொல்லிச் சிரிப்பார்கள்.
என் பெயர் துஷ்யந்தன்.
இங்கே யாரும் அதைப் பாவிப்பதில்லை.
நெத்தலி என்றால் திரும்புவேன்.

நாற்பத்தொன்பது கிலோ.
மின்விசிறிக்கு நேரே நின்றால்
ரீசேட் என்னைப் பற்றி எல்லாவற்றையும் சொல்லிவிடும்.
ஆகவே நிற்பதில்லை.

மாதக் கடைசி ஞாயிறு அளவெடுக்கும் நாள்.
அம்மாவின் தையல் நாடா என் கழுத்தில்.
கல்யாண பிளவுஸ்களை அளந்து நைந்த நாடா
அன்றைக்குப் புயங்களைச் சுற்றும்.
மூச்சை இழுத்துப் பிடித்து,
கடனுக்கு வாங்கிய பொருளைக் காட்டுவதுபோல்
நெஞ்சைக் காட்டுவார்கள்.
இலக்கங்களைக் கொப்பியில் எழுதுவேன்.
வங்கிப் பரீட்சையை மூன்றாம் தரம் எடுப்பவன்.
மூதூரிலிருந்து பஸ்ஸில் வருகிற கோழிக்கடைக்காரன்.
பிரான்சுக்குக் காசு கட்டிவிட்டுக் காத்திருக்கிறவன்;
விசா வரும்வரை வளர்ப்பதற்கு
அவனிடம் வேறொன்றும் இல்லை.

எல்லாரிலும் பெரியவன் கிருசாந்.
அவன் படியேறினால்
கீழே கடைக்குள் பெயின்ற் வாளிகள் அதிரும்.
பன்னிரண்டு முட்டை, வெள்ளை மட்டும்.
அவித்த கோழி. உப்பில்லை.
அக்காவின் பிள்ளையின் பிறந்தநாளில்
கேக்கைக் கையில் வைத்தபடி நின்று நின்று
கடைசியில் நாய்க்குப் போட்டதாக
அவனே ஒருநாள் சொன்னான்.
பெருமையாகத்தான் தொடங்கினான்.
முடிக்கும்போது குரல் வேறாயிருந்தது.

அவனாக வேண்டும் என்று
எத்தனை இரவுகள் போர்வைக்குள்
கையை மடக்கி மடக்கித் தடவிப் பார்த்திருக்கிறேன்.

போன ஞாயிறு, எல்லாரும் போன பிறகு,
பழைய பத்திரிகையால் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.
வந்து நின்றான்.
லைற்றுகளை அணைக்கச் சொன்னான்.
பிறகு ஒன்றை மட்டும் போடச் சொன்னான்.
கண்ணாடியைப் பார்த்து, என்னைப் பாராமல்,
"டேய், நான் சின்னனாப் போயிட்டனோ?"

எனக்குச் சிரிப்பு வந்தது.
அவன் சிரிக்கவில்லை.
"இன்னொருக்கா அளந்து பார்."
நாடாவைச் சுற்றினேன். தோல் சுட்டது.
பதினாறரை.
போன மாதம் பதினேழு.

"பதினேழு" என்றேன்.

பிள்ளைக்குக் காய்ச்சல் இறங்கிவிட்டது என்று கேட்ட
தாயைப்போலக் கண்ணை மூடினான்.

அரை அங்குலம்.
தையலுக்கு உள்ளே அம்மா விடுகிற துணி அவ்வளவுதான்.
நாளைக்கு உடம்பு வைத்தால்
பிரித்துவிடலாம் என்பாள்.

பின்னேரம் டச்சு பேயில் குளிக்கப் போனோம்.
தொந்தி வைத்த கந்தோர்க்காரர்,
வெயிலில் சிவந்த வெள்ளைக்காரர்,
மூக்கொழுகும் குழந்தைகள்,
எல்லாரும் வெறும் மேலோடு.
கிருசாந் ரீசேட்டோடு இறங்கினான்.
நானும்தான்.
துணிக்குள் காற்றுப் புகுந்து முதுகு கூடாரமாய் உப்ப
ஆளுக்காள் அமுக்கி விட்டோம்.
கழுத்தளவுத் தண்ணீரில்
எங்களுக்குத் தலைகள் மட்டுமே இருந்தன.

"நீ ஏன்ரா கழட்டேல்ல?"
"நீ?"
ஓர் அலை வந்தது.
இரண்டு பேரும் அதற்கு முதுகைக் காட்டினோம்.

திங்கள் விடிய
சட்டரடியில் ஓர் ஆண் மான்,
நேற்றைய வாழைப்பழத் தோலைத் தின்றுகொண்டு.
ஒரு கொம்பு விழுந்துவிட்டது. மற்றது இருந்தது.
அந்தக் கோணல் தலையோடு என்னைப் பார்த்தது.
பிறகு தோலைப் பார்த்தது.
தோல் நல்லது என்று முடிவெடுத்தது.

மேலே போய்க் கொப்பியைத் திறந்தேன்.
கிருசாந், பதினேழு. என் கையெழுத்து.
திருத்துவதற்குப் பேனையை எடுத்தேன்,
எடுத்த பேனையால்
கடைசித் தாளில் துஷ்யந்தன் என்று எழுதினேன்.
பக்கத்தில் என்ன போடுவது என்று தெரியவில்லை.

கீழே பெயின்ற் வாளிகள் அதிர்ந்தன.
நாடாவைச் சுருட்டிப்
பொக்கற்றுக்குள் ஒளித்தேன்.